சங்கறுப்பான் பெண்டாட்டி

பாறசாலைக்குப் பக்கத்தில் பொற்றைவிளையில் ஒரே காலத்தில் மூன்று ஞானையன்கள் இருந்தார்கள். மிஷன் சபையில் ஞானஸ்நானம் கொடுத்தவர்களுக்குப் பெயர்ப் பஞ்சம் போலிருக்கிறது. இருந்த நாலைந்து பெயரையே வீட்டுக்கு வீடு திருப்பித் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு வட்டப்பெயர் வைத்துச் சமாளித்தார்கள். பஸ் மோதிப் பிழைத்தவன் பஸ் ஞானையன். வேலியோரம் கோழி வந்தாலும் கேஸ் கொடுப்பேன் என்று மிரட்டுகிறவன் வக்கீல் ஞானையன். கடல் சங்கை வாளால் அறுத்துப் பிழைத்தவன் சங்கறுப்பான் ஞானையன். அவனுடைய மனைவி சுகிர்தபாய். அந்தப் பெயர் அவனுக்கு வந்ததும் அவளால்தான், அந்தப் பெயரால் அவன் கெட்டதும் அவளால்தான் என்று ஊர் இன்றைக்கும் சொல்லும். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியில் ஊருக்கும் பங்கு உண்டு. அதை மட்டும் ஊர் சொல்லாது.

சுகிர்தபாய் பிறந்தது கோட்டுகாலில். அவளுடைய அப்பா விழிஞ்ஞம் கரையில் சங்கு வாங்கி விற்றவர். கோயிலில் மட்டும் சங்கைப் பார்த்தவர்களுக்கு அது வெள்ளையான, சாதுவான ஒரு பொருள். உயிரோடு பார்த்தவளுக்கு அப்படி இல்லை. கடலடி மணலில் பாதி புதைந்து கிடந்து, புழுவையும் பூச்சியையும் பிடித்துத் தின்கிற மாமிசப் பட்சிணி அது. விழிஞ்ஞத்து ஆட்கள் நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டி, மீனைக் குத்தி, கடலடியில் படுக்கப் போடுவார்கள். செத்த மீனின் வாடைக்குச் சங்கு ஊர்ந்து வந்து இரைமேல் ஏறிக் கவ்விக்கொள்ளும். கயிற்றை மேலே இழுக்கும்போது விட்டுவிட்டுப் போனால் அதற்கு உயிர் மிஞ்சும். விடாது. வள்ளத்துக்குள் வந்து விழும் வரை பிடித்த பிடியிலேயே இருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்து அவள் சிரித்திருக்கிறாள். இவ்வளவு பெரிய வீட்டை முதுகில் வைத்துக்கொண்டு ஒரு துண்டு மீனுக்காகவா என்று கேட்டிருக்கிறாள்.

சங்கு வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதுதான் மோசம். உள்ளே இருக்கிற சதை தானாக வெளியே வராது. மணலில் குழிவெட்டிப் புதைத்து, அழுகவிட்டு, பிறகு எடுத்துக் கழுவவேண்டும். அந்த நாற்றம் துணியில் பிடிக்கும், தலைமுடியில் பிடிக்கும். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனாலும் பக்கத்தில் இருக்கிறவள் ஒரு சாண் தள்ளித்தான் உட்காருவாள். அதனால் சுகிர்தபாய்க்கு வரன் வரத் தாமதமானது. கடைசியில் வந்தவன் பொற்றைவிளை ஞானையன், மரம் அறுக்கிற கூலிக்காரன். மரத்தூள் போய்ப் போய் அவனுக்கு மூக்கு மணம் அறியாது என்று கிண்டல் செய்தார்கள். அது உண்மைதானோ என்னவோ, அவன் அவளைப் பார்த்து ஒருநாளும் மூக்கைச் சுளித்ததில்லை. அதற்காகவே அவள் அவன்மேல் உயிரை வைத்திருந்தாள்.

சீதனமாக அவளுக்கு வந்ததும் தொழில்தான். அவள் கரையிலிருந்து கூடையில் சங்கு சுமந்து வருவாள். மரமறுத்துப் பழகிய கை அல்லவா, ஞானையன் கொஞ்ச நாளிலேயே சங்கறுக்கப் படித்துக்கொண்டான். சங்கின் மேலிருக்கும் பழுப்புத் தோலைச் சுரண்டி எடுத்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பிறை போல் வளைந்த சின்ன வாளால் அறுப்பான். பெரிய சங்கின் நுனியை அறுத்து ஊதும் சங்கு ஆக்கிக் கோயில்களுக்குக் கொடுப்பான். சின்னச் சங்கின் உள்தண்டை எடுத்துவிட்டுக் குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு செய்வான். உடைந்தது சுண்ணாம்புச் சூளைக்குப் போகும். கிறிஸ்தவன் கோயிலுக்குச் சங்கு செய்யலாமா என்று சபையில் ஒருமுறை பேச்சு வந்தது. பேசினவரின் பேரனே அவன் செய்த பால் சங்கில்தான் பால் குடித்துக்கொண்டிருந்தான் என்பதால் பேச்சு அதோடு நின்றது. சாலையோரத்தில் சாயாக்கடை வைத்திருந்த கிருஷ்ணன்குட்டியின் மகளுக்கும் அவன்தான் பால் சங்கு செய்து கொடுத்தான். கிருஷ்ணன்குட்டியின் மனைவி விஜயம்மாவுக்குப் பிரசவத்தில் பால் இறங்கவில்லை. அந்தப் பிள்ளை பிழைத்தது சங்கால்தான் என்று கிருஷ்ணன்குட்டியே கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

இப்படி இருந்தபோதுதான் எல்லைப் போராட்டம் சூடு பிடித்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், ஹர்த்தால். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் கிடந்தன. ஜெபம் தமிழில், சந்தை மலையாளத்தில், சண்டை இரண்டிலும். பொற்றைவிளையில் போராட்டக் கமிட்டிக்குத் தலைவனாக முளைத்தவன் சத்தியதாஸ். நல்ல குரல், வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் பேப்பர். வீடு வீடாக வந்து அவன் ஒரு கட்டளை போட்டான்: சர்க்கார் ஆட்கள் எது கேட்டாலும் தமிழில் மட்டும்தான் பதில் சொல்லவேண்டும், புரியவில்லை என்றால் அது அவர்கள் பாடு. சுகிர்தபாய் சிரித்தாள். மீன்காரியிடம் ஒரு மொழி, போலீஸ்காரனிடம் ஒரு மொழி என்று வைத்துக்கொள்ள எனக்கு நாக்கு இரண்டா இருக்கிறது என்றாள். ஞானையனோ கூட்டத்துக்கும் போனதில்லை, கொடியும் பிடித்ததில்லை. யார் வந்து கேட்டாலும் "ஆகட்டும், ஆகட்டும்" என்று தலையாட்டிவிட்டு அறுக்கிற வேலையைப் பார்ப்பான்.

ஐம்பத்துநாலாம் ஆண்டு ஆகஸ்டில் தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன் பிறகு இந்தப் பக்கத்தில் போலீஸ் புகுந்த வேகம் கொஞ்சநஞ்சமல்ல. சாலையில் போராட்டக்காரர்கள் மரத்தை அறுத்துக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். எனவே எந்த வீட்டில் வாள் இருக்கிறது என்று தேடினார்கள். ஞானையன் ஒருகாலத்தில் மரம் அறுத்தவன். அந்தப் பெரிய வாள் துருப்பிடித்துச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அது போதாதா?

அவர்கள் வந்த அன்று ஞானையன் வீட்டில் இல்லை. அமரவிளைப் பக்கத்தில் ஒரு கோயிலில் ஊதுகிற சங்கின் வாய் உடைந்துபோயிருந்தது. அங்கேயே வந்து அறுத்துத் தரும்படி பூசை செய்கிற போற்றி ஆள் அனுப்பியிருந்தார். விடிந்ததும் சின்ன வாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவன் நடந்தே போயிருந்தான். அதே நாள் மத்தியானம் அமரவிளைச் சாலையில் ஒரு கூட்டத்தைக் கலைக்கப் போன போலீஸ்காரன் ஒருவனுக்குப் பின்னாலிருந்து கழுத்தில் வெட்டு விழுந்தது. அவன் சாகவில்லை. ஆனால் வெட்டினவன் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தச் செய்தி கேட்டு வெறிபிடித்த நிலையில்தான் ஏட்டு ஒருவனும் ஐந்தாறு போலீஸ்காரர்களும் பொற்றைவிளைக்கு வந்தார்கள். வீடு காட்டுவதற்குக் கிருஷ்ணன்குட்டியைக் கையோடு இழுத்து வந்திருந்தார்கள். ஏட்டு வடக்கேயிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவன். தமிழ் அவன் காதுக்குப் பழக்கமில்லை.

முற்றத்தில் ஒரு பாயில் செய்து முடித்த பால் சங்குகள் காய்ந்துகொண்டிருந்தன. ஏட்டு பூட்ஸ் காலோடு அதன் மேலேயே நடந்து வந்தான். நொறுங்குகிற சத்தம் கேட்டுச் சுகிர்தபாய் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். ஒவ்வொன்றும் அவள் சுமந்து வந்தது, அவன் நாள் முழுக்க உட்கார்ந்து அறுத்தது. "எவிடெடீ அவன்?" என்று ஏட்டு கேட்டான். அந்த 'டீ'தான் அவள் நெஞ்சில் போய்த் தைத்தது. அவளுக்கு மலையாளம் தாய்ப்பாலோடு வந்தது. கோட்டுகாலில் பிறந்தவளுக்கு மலையாளம் தெரியாமல் இருக்குமா? கோயிலில் ஷங்கு முறிக்கப் போயிருக்கிறார் என்று மலையாளத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் திட்டிவிட்டுப் போயிருப்பான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. இவ்வளவு நாளும் சிரித்துத் தள்ளிய சத்தியதாஸின் கட்டளை அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. உனக்குப் புரிந்தால் என்ன, புரியாவிட்டால் என்ன என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு, நல்ல தமிழில், சத்தமாகச் சொன்னாள்.

"அவிய அமரவிளைக்குச் சங்கறுக்கப் போயிருக்கினும்."

சொல்லி முடித்ததும் ஏட்டின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். மலையாளத்தில் கடலில் கிடக்கிற பொருளுக்கு 'ஷங்கு' என்று காற்றுவிட்டுச் சொல்வார்கள். 'சங்கு' என்று சொன்னால் அது தொண்டைக்குழி. நமக்கோ இரண்டும் ஒன்றுதான். கோபம் வந்தால் சங்கை அறுத்துப்போடுவேன் என்று தமிழிலும்தான் சொல்கிறோம், அப்போது யாரும் கடலை நினைப்பதில்லை. கழுத்தில் வெட்டுப்பட்ட போலீஸ்காரனின் ரத்தம் காயாத நேரத்தில், அதே அமரவிளையில், புருஷன் கழுத்தறுக்கப் போயிருக்கிறான் என்று பெண்டாட்டி நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறாள். ஏட்டு அந்தச் சொல்லை ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான்.

சுகிர்தபாய்க்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. விளக்கிச் சொல்ல வாயையும் திறந்தாள். ஆனால் அதற்குள் அவள் கண் கிருஷ்ணன்குட்டியிடம் போனது. இரண்டு மொழியும் தெரிந்தவன், தன் பிள்ளைக்கு அந்தச் சங்கில் பால் கொடுத்தவன், அவன் சொன்னால் எடுபடும், அவன் சொல்லட்டும் என்று ஒரு கணம் காத்தாள். கிருஷ்ணன்குட்டி குனிந்து தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவள் "அய்யோ, ஷங்காணு சாறே, ஷங்கு" என்று கத்தினதெல்லாம் அமரவிளைக்கு ஓடுகிற போலீஸ்காரர்களின் முதுகுக்குத்தான் கேட்டது. கேட்டிருந்தாலும் பயந்துபோய் மாற்றிப் பேசுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் ஞானையன் வயல் வரப்பு வழியாகச் சுற்றி வந்துகொண்டிருந்தான். வழியிலேயே பிடித்தார்கள். பெயர் கேட்டார்கள், ஞானையன் என்றான். எந்த ஞானையன் என்று கேட்டார்கள். அப்பாவி, வழக்கம்போல வட்டப்பெயரையும் சேர்த்துச் சொன்னான். சாக்கைப் பிரித்தால் உள்ளே பிறை வாள். வாளில் ரத்தம் இல்லை, சங்குப் பொடிதான் வெள்ளையாக ஒட்டியிருந்தது. ரத்தம் தெரியாமலிருக்கச் சுண்ணாம்பு தடவியிருக்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள். ஸ்டேஷனில் அவனை என்ன செய்தார்கள் என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அதன் பிறகு அவனால் வலது கையை முழுதாக மடக்க முடியவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் சுகிர்தபாய் கிருஷ்ணன்குட்டியின் கடைக்குப் போனாள். ஸ்டேஷனுக்கு வந்து அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று கெஞ்சினாள். கிருஷ்ணன்குட்டிக்கும் ஒரு நியாயம் இருந்தது. போன வாரம்தான் போராட்டக்காரர்கள் அவன் கடைப் பலகை மலையாளத்தில் இருக்கிறதென்று கல்லெறிந்து கண்ணாடி பீரோவை உடைத்திருந்தார்கள். இப்போது தமிழனுக்காகப் போய்ப் பேசினால் போலீஸும் அடிக்கும், எனக்கும் பிள்ளைகள் இல்லையா என்றான். கோர்ட்டில் கேட்டால் கட்டாயம் உள்ளதைச் சொல்கிறேன் என்று பிள்ளைமேல் ஆணையிட்டான். விஜயம்மா உள்ளேயிருந்து எட்டிப்பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

அதைவிடப் பெரிய உபத்திரவம் சத்தியதாஸ். கமிட்டியிலிருந்து வக்கீல் வைத்துத் தருகிறோம் என்று வந்தான், அதற்கு அவளும் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் போகிற கூட்டத்திலெல்லாம் அவன் "நம்முடைய சங்கறுப்பான் ஞானையன்" என்று ஆரம்பித்தான். ஜனங்கள் விசிலடித்தார்கள். அவன் வாயால் கழுத்தை அறுத்தது ஞானையன் என்று ஒருபோதும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சுகிர்தபாய் அவன் வீட்டுக்குப் போய், அது கழுத்தில்லை, கடல் சங்கு என்று ஒரு கூட்டத்திலாவது விளக்கிச் சொல்லும்படி கேட்டாள். சத்தியதாஸ் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தான்.

"பேரு நல்லாத்தானே இருக்கு, அக்கா. அப்படியே கிடக்கட்டு. போலீஸ்காரனுவ பயந்து பேடிச்சிட்டாவது கிடப்பானுவ."

கேஸ் கோர்ட்டுக்கு வர மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் அவளுக்கு ஒரே ஒரு நினைப்புதான். தன் வாயிலிருந்து போன அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே திருப்பி எடுக்கவேண்டும். அதை எடுத்துவிட்டால் புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவான். மற்றதெல்லாம் சொத்தைக் கேஸ் என்று வக்கீலே சொன்னார். வெட்டுப்பட்டவனுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. கோயில் போற்றியும் சாட்சிக்கு வந்தார். சங்கறுக்க வந்தான், உண்மைதான், ஆனால் மத்தியானத்துக்கு முன்னாலேயே போய்விட்டான் என்றார். அதுவும் உண்மைதான். அந்தக் கேஸில் எல்லோரும் உண்மைதான் சொன்னார்கள்.

கிருஷ்ணன்குட்டியும் சொன்னான். இந்த ஆளை ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். சங்கறுப்பான் என்றான். ஏட்டு கேட்டபோது இவன் மனைவி இன்ன சொல்லைத்தான் சொன்னாளா என்று கேட்டார். சொன்னாள் என்றான். அதற்கு அர்த்தம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று அவன் காத்துக்கொண்டு நின்றானாம். பின்னாளில் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொன்னான். அதை நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அடுத்தது சுகிர்தபாயின் முறை. கூண்டில் ஏறுவதற்கு முன்னால் கமிட்டி வக்கீலும் சத்தியதாஸும் அவளைத் தனியே கூப்பிட்டு, தமிழில்தான் சாட்சி சொல்லவேண்டும், மொழிபெயர்க்க ஆள் வைக்கவேண்டியது கோர்ட்டின் பொறுப்பு, அது நமது உரிமை என்றார்கள். சுற்றிலும் கமிட்டி ஆட்கள் வந்து நிறைந்திருந்தார்கள். அவள் யோசித்தாள். தமிழில் சொன்னால் திரும்பவும் அதே 'சங்கு'தான் வரும். மொழிபெயர்க்கிறவன் அதைத் திரும்பவும் தொண்டைக்குழிக்குத்தான் கொண்டுபோவான். ஒருமுறை ரோஷப்பட்டது போதும் என்று தோன்றியது. எதிரே கூண்டில் ஞானையன் நின்றான். கன்னம் ஒட்டி, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்ததும் அவளுக்கு வேறு யோசனையே இல்லாமல் போயிற்று.

அவள் மலையாளத்தில் பேசினாள். தயக்கமில்லாமல், தெளிவாக, ஜட்ஜியைப் பார்த்துப் பேசினாள். தான் கோட்டுகாலில் பிறந்தது, கடலில் சங்கு எப்படிப் பிடிக்கிறார்கள் என்பது, அதை எப்படி அழுகவைத்துக் கழுவுகிறார்கள் என்பது, எதை அறுத்தால் ஊதும் சங்கு, எதை அறுத்தால் பால் சங்கு என்பது, எல்லாம் சொன்னாள். மடியில் கொண்டுவந்திருந்த ஒரு பால் சங்கை எடுத்துக் காட்டினாள். அவர் அறுக்கப் போனது இதைத்தான், இதற்கு எங்கள் ஊரில் இதுதான் பெயர் என்றாள். ஜட்ஜி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னாலிருந்த கமிட்டி ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. போனால் போகட்டும், சொல் திரும்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

அப்போது சர்க்கார் வக்கீல் எழுந்தார். வயதானவர், மரியாதையானவர். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இத்ற நல்ல மலையாளம் அறியாமெங்கில், அன்னு எந்தினா தமிழ் பறஞ்ஞது?"

இவ்வளவு நல்ல மலையாளம் தெரிந்தவள் அன்றைக்கு எதற்காகத் தமிழில் சொன்னாய்? அவ்வளவுதான் கேள்வி. சுகிர்தபாய் வாயைத் திறந்தாள். பால் சங்கை மிதித்தான் என்று சொல்லவா? 'டீ' போட்டுக் கூப்பிட்டான் என்று சொல்லவா? சத்தியதாஸ் சொல்லிக் கொடுத்தான் என்று சொன்னால் புருஷன் போராட்டக்காரன் ஆகிவிடுவான். கோபத்தில் சொன்னேன் என்றாள். கோபத்தில் வருவதுதானே உண்மை, ஆறு மாதம் யோசித்துப் படித்துக்கொண்டு வந்து சொல்வதையா நம்பவேண்டும் என்று வக்கீல் ஜட்ஜியிடம் கேட்டார். ஏட்டுக்குப் புரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இவள் தெரிந்த மொழியை விட்டுவிட்டு மற்ற மொழியில் பெருமை பேசியிருக்கிறாள் என்றார். ஜட்ஜி பால் சங்கை மேசைமேல் வைத்தார். ஞானையனுக்கு நீண்ட தண்டனை விழுந்தது.

கோர்ட்டுக்கு வெளியே சத்தியதாஸ் நின்றான். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு மந்திரிசபை மாறியது. போராட்டக் கேஸில் உள்ளே போனவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள், மாலை விழுந்தது. ஞானையன் வரவில்லை. அவன் அரசியல் கைதியா என்று அதிகாரிகள் விசாரித்தபோது, அவன் எங்கள் ஆள் இல்லை என்று கமிட்டியே சொல்லிவிட்டதாம். அது உண்மைதான், அவன் ஒருநாளும் அவர்கள் ஆளாக இருந்ததில்லை. மேடையில் கைதட்டு வாங்கின மாதங்களில் மட்டும் இருந்தான்.

ஐம்பத்தாறு நவம்பரில் எல்லைக் கோடு விழுந்தது. விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் கிடந்தன. பொற்றைவிளை எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கக்கூட இல்லை. சத்தியதாஸ் களியக்காவிளையைத் தாண்டிப் போய்த் தமிழ்நாட்டுப் பக்கம் வீடு வைத்துக்கொண்டான். சுகிர்தபாய் அவனைத் தேடிப்போய், இனியாவது ஒரு வார்த்தை மேலே எழுதிப்போட்டு அவரை வெளியே எடுத்துத் தா என்று அழுதாள். அவன் நாற்காலி போட்டு உட்காரவைத்தான், காப்பி கொடுக்கச் சொன்னான்.

"நான் என்ன செய்ய முடியும், அக்கா? அது இப்ப வேற ஸ்டேட்டாக்கும்" என்றான்.

ஞானையன் ஜெயிலில் இருந்த வருஷங்களில் அவள் கூடையில் சங்கு சுமந்து சுண்ணாம்புச் சூளைக்கே நேராகக் கொடுத்தாள். அறுக்க ஆளில்லை. அறுத்தாலும் அந்த வீட்டுச் சங்கை வாங்க ஆளில்லை. சோறு தின்னாத பிள்ளைகளிடம் சங்கறுப்பான் வருவான் என்று பயம் காட்டித் தாய்மார்கள் உருண்டை ஊட்டினார்கள். அவள் தெருவில் போனால் பிள்ளைகள் "சங்கறுப்பான் பெண்டாட்டி" என்று சொல்லிவிட்டு ஓடின. சபையில் அவளிடமிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தவர்கள் இப்போது ஒரு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை நாற்றத்துக்காக அல்ல.

ஞானையன் ஒருநாள் மத்தியானம் பாறசாலையில் பஸ் இறங்கி நடந்தே வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் ஓடிப்போய்ச் சோறு வடித்தாள், மீன் குழம்பைச் சூடாக்கினாள், எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே பரிமாறினாள். இரண்டாவது தடவை சோறு வைக்கப் போனபோது அவன் இலையின்மேல் கையை நீட்டி, போதும் என்பதை மலையாளத்தில் "மதி" என்றான். ஜெயிலில் இருந்த பழக்கம் என்று அவள் நினைத்தாள். கை கழுவத் தண்ணீர் எங்கே என்றதையும், படுக்கப் பாய் எங்கே என்றதையும் மலையாளத்தில்தான் கேட்டான். அதுவும் பழக்கம்தான் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் பஸ் ஞானையன் அவனைப் பார்க்க வந்தான். இரண்டு பேரும் முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அடுக்களையிலிருந்து சுகிர்தபாய் காதுகொடுத்துக் கேட்டாள். தன் புருஷன் தமிழ் பேசுகிறான். பழைய மாதிரியே, "ஆகட்டும், மக்கா, ஆகட்டும்" என்று இழுத்து இழுத்துப் பேசுகிறான். ஞாயிற்றுக்கிழமை சபையில் தமிழில்தான் பாடினான். எல்லாவற்றையும் மன்னித்துவிட்டவன்போலக் கிருஷ்ணன்குட்டியின் கடையில் உட்கார்ந்துகூடத் தமிழில்தான் சாயா கேட்டான். வீட்டுக்குள் நுழைந்து அவளைப் பார்த்ததும் மலையாளம். அவளிடம் மட்டும்தான் மலையாளம்.

பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள்.

"எனக்க கிட்ட மட்டும் நீங்க தமிழ் பேசாதது என்னத்துக்கு?"

அவன் கோபப்படவில்லை. உடைந்த கையைத் தடவிக்கொண்டே அவளை ஏறிட்டுப் பார்த்து, அமைதியாகச் சொன்னான்.

"நினக்கு நல்ல மலையாளம் அறியாமல்லோ."

உனக்குத்தான் நல்ல மலையாளம் தெரியுமே. கூண்டில் நின்றபடி அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். கமிட்டியை விட்டுவிட்டான், கிருஷ்ணன்குட்டியை விட்டுவிட்டான், ஏட்டைக்கூட ஒரு வார்த்தை திட்டினதில்லை. அவளை மட்டும் விடவில்லை. அதன் பிறகு அவர்கள் ஒரே வீட்டில் பல வருஷம் இருந்தார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை, அவள் வைத்த சோற்றை ஒருநாளும் தள்ளினதில்லை. அவன் மலையாளத்தில் கேட்பான், அவள் தமிழில் பதில் சொல்வாள். அவளும் மலையாளத்துக்கு மாறியிருக்கலாம். மாறினால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். வெளியூர் ஆட்கள் யாராவது வந்தால் இந்த வீட்டில் இரண்டு மொழியும் எவ்வளவு அழகாகப் புழங்குகிறது என்று மெச்சிவிட்டுப் போவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாகிற நேரத்திலாவது ஒரு சொல், சுகிர்தம் என்றோ, பிள்ளே என்றோ, போ என்றோ, தமிழில் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் பத்து மணி வாக்கில் அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோய் வைத்தாள்.

"வெள்ளம்" என்றான்.

அவள் கொடுத்தாள். ஒரு மடக்கு இறங்கியது, அடுத்த மடக்கு கடைவாயில் வழிந்துவிட்டது. அந்த ஊரில் தண்ணீருக்குத் தமிழிலும் வெள்ளம்தான், மலையாளத்திலும் வெள்ளம்தான். அவன் எந்த மொழியில் கேட்டான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவன் சொன்னதைச் சொல்லிக் காட்டி, அவன் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டி, இது எந்த பாஷை, இது எந்த பாஷை என்று கேட்டாள்.